ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து, எல்லாரும் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார். "இந்தப் பட்டணத்தில் ஓர் ஆள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முந்நூறு வெள்ளி, நானூறு வெள்ளி கொடுக்கிறானே, இது ஆகுமா, ஆகாதா?" என்றார். கேட்டதுதான் தாமதம், பதில்கள் வந்து குவிந்தன. "அவன் காசு, அவன் வயிறு, நமக்கென்ன?" என்றார் ஒருவர். "வீண் விரயம், அவ்வளவுதான். இதில் கேள்வி என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்றார் மற்றொருவர். ஜவுளிக்கடை அன்பர் ஒருவர் மட்டும், "இங்கே ஆகாது என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் கூப்பிட்டால் போகாமல் இருப்பீர்கள்?" என்று கேட்டுச் சிரிப்பை வரவழைத்தார்.

நாம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம், அதற்கு முந்திய வாரம்தான் நாம் அப்படி ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். அன்று ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பியது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறபடியால், சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகின்றோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் ஆலிம் அல்ல. ஊர் மதரஸாவில் ஓதியதும், பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததுமே நமது கல்வி. ஆகவே ஃபத்வா கொடுக்க நாம் வரவில்லை. ஹலால், ஹராம் பற்றிய ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் 1978ஆம் ஆண்டு முதல் இங்கே ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. நாம் போன இடத்திலும் அந்தச் சான்றிதழ் இருந்தது, மதுவகை எதுவும் கிடையாது. எனவே அந்தப் பேச்சு இங்கே வேண்டியதில்லை. பலசரக்குக் கடைக்காரனுக்குத் தெரிந்தது விலை. அதைப் பற்றித்தான் பேசப் போகின்றோம்.

சாப்பாட்டு விஷயத்தில் சிங்கப்பூரைப் போல் இன்னொரு பட்டணம் உண்டோ என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908இல் ஸம் ஸம் உணவகமும், 1910இல் விக்டரி உணவகமும் தொடங்கின. அதே சாலையில் 1921இல் இஸ்லாமிக் உணவகம் வந்தது. அதைத் தொடங்கியவர் அல்சகோஃப் குடும்பத்தார் வீட்டில் தலைமைச் சமையற்காரராக இருந்தவர். இன்று அந்தப் பக்கம் ஒரு நடை நடந்தால், துருக்கிச் சாப்பாடு, லெபனான் சாப்பாடு, ஜாவாச் சாப்பாடு, ஜப்பானியச் சாப்பாடு எல்லாவற்றையும் பள்ளிவாசல் பாங்கு கேட்கும் தூரத்திலேயே காணலாம்.

நமது கூட்டத்தார் இதற்குக் கொடுத்த பங்கும் சிறிதன்று. சீனருடைய மஞ்சள் மீயை எடுத்து, அதில் நமது மிளகாய் அரைப்பையும், தக்காளியையும், உருளைக்கிழங்கையும் போட்டு வாணலியில் பிரட்டி, மீ கோரேங் என்று மலாய்ப் பெயர் வைத்து விற்றவர்கள் நம்மவர்களே. மீ சீனருடையது, மசாலா நம்முடையது, பெயர் மலாய்க்காரருடையது, தின்றவர்கள் எல்லாரும். மீன் தலைக் கறியின் கதையும் இப்படிப்பட்டதே. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949இல் அதைத் தொடங்கியதாகக் கூறுவர். மீன் தலையைச் சீனர் விரும்பித் தின்பதைக் கண்டு, அதைத் தம்முடைய குழம்பில் போட்டார். ஹைனான் தீவுச் சீனரோ மற்றச் சீனருக்குப் பின்னால் வந்தவர்கள். நல்ல தொழில்களெல்லாம் மற்றவர் கைக்குப் போய்விட்டபடியால், வெள்ளைக்காரர் வீடுகளில் சமையற்காரராகப் போனார்கள். அங்கே கற்றதையும் தம் ஊர் கொண்டுவந்ததையும் சேர்த்துக் காப்பிக்கடை வைத்தார்கள். கோழிச்சோறும் அவர்கள் கை வரிசையே.

இந்த விவரமெல்லாம் எதற்கு என்றால், இந்தப் பட்டணத்தின் ருசி முழுவதும் முதல் இல்லாதவன் கண்டுபிடித்த ருசி என்பதைச் சொல்லத்தான். காவடித் தடியில் அடுப்பையும் சட்டியையும் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவன் சமைத்தது. 1971ஆம் ஆண்டு தொடங்கி 1986ஆம் ஆண்டுக்குள் அரசாங்கம் தெருவோர வியாபாரிகளை அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்து குழாய்த் தண்ணீரும் கூரையும் கொடுத்தது. 2020 டிசம்பரில் இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன்னுடைய பட்டியலில் சேர்த்துக்கொண்டது. காவடித் தடி தூக்கிய பாட்டன்மார்கள் இருந்து கேட்டிருந்தால், யுனெஸ்கோ என்றால் எந்தக் கப்பல் கம்பெனி என்று விசாரித்திருப்பார்கள்.

இதற்கு நேர் மாறான இன்னொரு வகைச் சாப்பாடும் இங்கே வந்து நிலைத்துவிட்டது. வெள்ளை விரிப்பு, மெல்லிய விளக்கு, ஓர் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்னத் தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விளக்கவுரை. இதற்கு மிஷ்லின் நட்சத்திரம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இதன் பிறப்பைக் கேட்டால் வியாபாரிகளாகிய நமக்கு வேடிக்கையாக இருக்கும். பிரான்சு நாட்டில் மோட்டார் டயர் செய்த மிஷ்லின் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டு ஒரு கைப்புத்தகம் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அதில் இருந்தது. மக்கள் தூரம் போய்ச் சாப்பிட்டால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது விற்கும்! 1926இல் நட்சத்திரம் போடத் தொடங்கினார்கள். 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தார்கள். தென்கிழக்காசியாவிலேயே முதலாவதாக 2016இல் அந்தப் புத்தகம் சிங்கப்பூருக்கு வந்தது. பினாங்கிலிருந்து வந்த தமிழர் ஒருவர் தேவர் என்ற பெயரில் 2018இல் இங்கே திறந்த உணவகம் 2022இல் இரண்டு நட்சத்திரம் பெற்றது. நாம் அங்கே சாப்பிட்டதில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று கல்லாவில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

இவ்வகை உணவகங்களை நாம் அறிந்தது பின்வாசல் வழியாகத்தான். நமது கடையிலிருந்து சரக்கு எடுக்கும் பெரிய உணவகங்கள் ஐந்தாறு உண்டு. முன்வாசல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. பின்வாசல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காய்கறிக் கூடைகள், ஈரத் தரை, வியர்த்த முகத்தோடு இரண்டு நிமிடம் காற்று வாங்க வந்து நிற்கும் பையன்கள். ஆனால் அங்கேயுள்ள சமையற்காரர்கள் சரக்கைப் பார்க்கும் விதத்துக்கு நாம் ஸலாம் போட வேண்டும். நம்மவர்களில் பலர் மிளகு என்றால் மிளகு என்று வாங்கிப் போவார்கள். அந்தச் சமையற்காரர் தலைச்சேரி மிளகு கேட்பார். அது ஊர்ப் பெயர் மட்டுமன்று, மணியின் பருமனைக் குறிக்கும் தரப்பெயர் என்பதும் அவருக்குத் தெரியும். உள்ளங்கையில் நான்கு மணியை வைத்து நசுக்கி முகர்ந்து பார்த்து, "இது போன வருஷத்துச் சரக்கு, எடுத்துப் போ" என்று திருப்பி அனுப்பியவரும் உண்டு. கோபம் வந்தது. பிறகு சாக்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரி!

நமது கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாம் அவரைக் காக்கா என்று அழைப்போம், அவர் நம்மை முதலாளி என்பார். சாக்குத் தைப்பது முதல், தரம் பிரிப்பது, பின்வாசல்களுக்குச் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை எல்லாம் அவர்தான். அவருக்குத் தெரியாத பின்வாசல் இந்தத் தீவில் இல்லை.

இப்போது நாம் போன சாப்பாட்டுக்கு வருவோம். மூத்த மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போய் முதற் சம்பளம் வாங்கினான். "வாப்பா, ஒரு நாளாவது நீங்கள் முன்வாசல் வழியாகப் போக வேண்டும்" என்று சொல்லி, நம்மையும் அவன் உம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் சொன்ன வார்த்தைக்குப் பிறகு எந்தத் தகப்பன் மறுப்பான்?

போனோம். உட்கார்ந்தோம். தட்டுகள் வந்தன. ஒரு தட்டில் ஒரு மீன் துண்டு, பெருவிரல் அகலம். வீட்டுக்காரி மெதுவாக, "இது மாதிரிக்குக் கொடுத்ததா, சாப்பாடா?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டோம். ஆறாவதோ ஏழாவதோ, பாலில் செய்த ஓர் இனிப்பு வந்தது. வாயில் வைத்ததும் ஏலக்காய். நாம் இருபத்தைந்து வருஷமாக ஏலக்காய் விற்கின்றோம். எட்டு மில்லிப் பச்சை எது, வெளுத்தது எது, இரண்டாம் பறிப்பு எது என்று கண்ணை மூடிக்கொண்டு கை வைத்துச் சொல்வோம். ஆனால் ஏலக்காய்க்கு இப்படி ஒரு ருசி உண்டென்று அன்றுதான் அறிந்தோம். முதலில் குளிர்ச்சி, பிறகு எலுமிச்சை போல் ஒன்று, கடைசியில் தொண்டையில் ஒரு சிறு காரம். மூன்று நான்கு அரிசிக்கு மேல் அதில் போட்டிருக்க மாட்டார்கள். பரிமாறிய பெண்பிள்ளையிடம், எந்தக் கடைச் சரக்கு என்று கேட்டோம். உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னாள். நமது கடைச் சரக்கேதான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அல்லாஹ் படைத்த ஒரு பொருளை இருபத்தைந்து வருஷம் எடைபோட்டு விற்றும், அதன் ருசியை நாம் அறியவில்லை. பிரியாணிச் சட்டியில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, தின்னும்போது பல்லில் பட்டால் துப்புகின்றோம். அதை ஒருவன் எண்ணி எடுத்து, உரிய இடத்தில் வைத்து, 'இதைப் பார்' என்று காட்டுகிறான் என்றால், அவனுடைய வேலையை வீண் விரயம் என்று எந்த வாயால் சொல்வது? உண்மையில் அந்தச் சமையலறையில் விரயமே குறைவு. மீன் முள்ளில் சாறு, கீரைத் தண்டில் தூள், தோலில் எண்ணெய். எல்லாமே காசு என்பதால் எதையும் எறிவதில்லை.

கணக்குச் சீட்டு வந்தது. மகன் அதை மறைக்கப் பார்த்தான். கடைக்காரன் கண்ணுக்கு எண்கள் தலைகீழாகவும் தெரியும். ஆளுக்கு 298 வெள்ளி, நான்கு பேருக்கு 1,192. அதன்மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, இரண்டையும் சேர்த்த தொகையின்மேல் வரி நூற்றுக்கு ஒன்பது. ஆகமொத்தம் 1,429 வெள்ளி 21 காசு.

அந்தத் தொகையைக் கண்டதும் நமக்குத் தோன்றியது மகனுடைய சம்பளம் அன்று. அதே வாரம் திங்கட்கிழமை, கடை அடைக்கும் நேரத்தில் காக்கா தயங்கித் தயங்கி வந்து, "முதலாளி, மாசம் ஒரு நூறு வெள்ளி கூட்டிக் குடுத்தா நல்லாருக்கும்" என்று கேட்டிருந்தார். வீட்டுக்காரிக்கு மருந்துச் செலவு என்றார். நாமும் வாடகை ஏறியதையும், கப்பல் கூலி ஏறியதையும் சொல்லி, "பெருநாள் கழியட்டும் காக்கா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டோம். நாம் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை; வாடகை ஏறியதுதான். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே மனம் தானாக வகுத்தது. பதினான்கு மாதத்துக்கு அவர் கேட்ட தொகை அந்த மேசையில் இரண்டரை மணி நேரத்தில் முடிந்திருந்தது. அதுவும் மகனுடைய பணம், நமது பணம் அல்ல. ஆகவே ஒரு வகையில் நமக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்த ஏலக்காயைத் தரம் பிரித்து, பெட்டியில் போட்டு, பின்வாசலில் கொண்டுபோய் வைத்தவர் அவர். அதை முன்வாசல் வழியாகப் போய்த் தின்றவர் நாம்.

இனி விவாதத்துக்கு வருவோம். அதிக விலை என்பதாலேயே ஒன்று பாவமாகிவிடுமா? வியாபாரியாகிய நாம் அப்படிச் சொல்ல முடியாது. குங்குமப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்களை விடியற்காலையில் கையால் பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்றே மூன்று இழைகளைக் கிள்ளி உலர்த்த வேண்டும். அதன் விலை உயர்ந்தது கொள்ளைக்காரத்தனத்தால் அன்று. அத்தனை கைகள் அதில் இருப்பதால். அதுபோல அந்த மேசைக்குப் பின்னால் சமையலறையில் பத்துப் பேர், பரிமாற ஐந்தாறு பேர், தட்டுக் கழுவ இருவர். உட்கார்ந்திருப்பவர்கள் முப்பது பேர். இரவுக்கு ஒரே பந்தி. வாடகையோ பட்டணத்து நடுவில். கணக்குப் போட்டால் முதலாளிக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால், 'செல்வந்தன் தின்றால்தான் இத்தனை பேர் அடுப்பு எரிகிறது, ஆகவே அது தருமமே' என்று ஓர் அன்பர் வாதிக்கலாம். இந்த வாதத்தை நாம் பாதிதான் ஒப்புக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு முதல் இங்கே இரண்டு சூதாட்டக் கூடங்கள் நடக்கின்றன. அவையும் ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்கின்றன. அதனால் சூது தருமமாகிவிட்டதா? ஒரு செயலில் பிறருக்குக் கூலி கிடைக்கிறது என்பது அந்தச் செயலை மன்னிக்கப் போதாது.

'எளிமையான சாப்பாடே உத்தமம், நமது முன்னோர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்' என்பார் இன்னொருவர். நல்லது. ஆனால் நமது கலியாண மண்டபங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு அழைப்பு, ஆயிரத்து இருநூறு பேருக்குச் சமையல், வந்தவர் எண்ணூறு. பிளேட்டில் மலைபோல் குவித்துக்கொண்டு, இறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்று, சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போகின்றோம். கறுப்புப் பைகளில் கட்டிப் பின்னால் போடுவதை நாம் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதற்குள் வண்டி ஏறிவிடுகின்றோம். 2023ஆம் ஆண்டு இந்தத் தீவில் கழிவான உணவு 755,000 டன் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. உணவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிற ஊர் இது! அந்தக் குப்பையில் நம் பிரியாணி எவ்வளவு என்று யாரும் பிரித்துக் கணக்கெடுக்கவில்லை. எடுக்காமலிருப்பதே நல்லது. மீன் துண்டு பெருவிரல் அகலம் என்று சிரித்த நாம், அந்தத் தட்டு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் திரும்பிப் போனதையும் பார்த்தோம்.

ஆக, விலையிலும் குற்றம் இல்லை, அளவிலும் இல்லை. பின் எது உறுத்துகிறது?

நமது ஊர்ப் பக்கத்து விருந்தை எண்ணிப் பார்த்தோம். சஹன் வைத்துச் சாப்பிடுவது எல்லாரும் அறிந்ததே. ஒரே பெரிய தட்டைச் சுற்றி மூன்று பேரோ நால்வரோ உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைப்பார்கள். நமக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். ஒரு கலியாண வீட்டில் வாப்பாவோடு உட்கார்ந்த சஹனில், எதிரே ஊரிலேயே பெரிய மரக்கடைக்காரர், பக்கத்தில் அந்த மரக்கடையில் இழைப்புளி பிடிக்கிற ஆள். அந்த ஆள் இறைச்சித் துண்டைத் தொடாமல் ஓரத்துச் சோற்றையே எடுத்துக்கொண்டிருந்தார். மரக்கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. தம்முடைய கையால் ஒரு துண்டைப் பிய்த்து அந்த ஆள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தாம் தின்பதைத் தொடர்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்தக் கை அசைவு கண்ணில் நிற்கிறது. அந்த மரக்கடைக்காரர் கூலி விஷயத்தில் கெட்டி என்றுதான் ஊரில் பேச்சு. அதையும் சொல்லிவிடுவது நியாயம். ஆனால் தாம் தின்கிற சோற்றைத் தம் ஆள் பார்க்கும்படி அவர் தின்றார்.

செல்வர்களை அழைத்து ஏழைகளை விலக்கும் வலீமா விருந்தே உணவில் கெட்டது என்று நமது மார்க்கம் கற்பிப்பதை மதரஸாவில் எல்லாரும் கேட்டிருக்கின்றோம். அதில் விருந்தின் செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசலைப் பற்றியே பேச்சு. இதை நாம் சிறு வயதில் ஓதினோமே தவிர, அந்தக் கணக்குச் சீட்டைக் காணும்வரை நமக்கு உறைக்கவில்லை.

உயர்ந்த உணவகத்தின் வாசலில் காவற்காரன் எவனும் ஏழையைத் தடுக்கவில்லை. விலையே காவல் நிற்கிறது. அதற்கு முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, நகைக்கடை வாசலிலும் அதே காவல்தான். ஆனால் நகையை ஒருவன் வாங்காமல் வாழ்ந்துவிடலாம். சாப்பாடு அப்படியன்று. ஆதி முதல் மனிதன் மனிதனோடு சேர்ந்து செய்த காரியம் அது. அதையே சேர விடாத காரியமாக ஆக்கும்போது மனத்தில் ஏதோ இடிக்கிறது. சொல்லத் தெரியவில்லை என்றாலும் இடிக்கிறது.

இந்த இடத்தில் நாம் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. விலை கூடினால்தான் அநியாயமா, குறைந்தால் அநியாயம் இல்லையா? 2016இல் சைனாடவுன் அங்காடி நிலையத்தில் கோழிச்சோறு விற்ற சான் ஹொன் மெங் என்ற சீனருக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஒரு தட்டின் விலை மூன்று வெள்ளிக்குள்தான். உலகத்திலேயே மிக மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. மக்கள் மணிக்கணக்கில் வரிசை நின்றார்கள். 2021இல் அந்த நட்சத்திரம் அவரிடமிருந்து போய்விட்டது. நாம் அன்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, மூன்று வெள்ளிக்கு அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கணக்குப் பார்த்தோம். கோழி, அரிசி, எண்ணெய், எரிவாயு, கடை வாடகை போக அவருடைய கைக்கூலி என்று எவ்வளவு தேறும்?

அங்காடியில் ரொட்டி பராட்டா பத்துக் காசு ஏறினால் நாம் பெரிய பேச்சுப் பேசுகின்றோம். "இந்தக் காக்காவும் விலையை ஏத்திட்டாரு பாருங்க" என்று எதிர்க் கடையில் போய்ச் சொல்கின்றோம். விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசைகிறவருடைய மகன் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்று அலுவலக வேலைக்குப் போய்விட்டான். ஏன் போகமாட்டான்? தெருவோரச் சாப்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியாகிவிட்டது, ஆனால் அதைச் செய்கிற கையின் கூலியை ஏற்றுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. ஒருவனுக்கு முந்நூறு வெள்ளி கொடுக்கத் தயங்காதவன், இன்னொருவனுக்கு முப்பது காசு கூடக் கொடுக்க முகம் சுளிக்கிறான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் இதில் வேதனை. மகனோடு போன மறுநாள் காலை, பராட்டாக் கடையில் முட்டைக்குக் கூடுதலாகப் போட்டார்கள் என்று நாமே முணுமுணுத்தோம். கூட இருந்த மகள் நம்மை ஒரு பார்வை பார்த்தாள்.

மலிவும் ஒருவன் வயிற்றிலிருந்துதான் வருகிறது. நமது கடையின் மலிவு காக்காவின் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதை நாம் இருபது வருஷமாகக் கணக்கில் எழுதவில்லை. வாடகை ஏறினால் வீட்டுக்காரனுக்கு உடனே கொடுக்கின்றோம், அவன் பெருநாள் வரைக்கும் பொறுக்க மாட்டான். கப்பல் கூலி ஏறினால் கொடுக்கின்றோம், இல்லையென்றால் சரக்கு வராது. பொறுக்கக்கூடியவரைத்தான் பொறுக்கச் சொல்கின்றோம்.

வெளியே சாப்பிட்டு வந்த மறு திங்கட்கிழமை கடை திறந்ததும் காக்கா வழக்கம்போல், "பிள்ளை எங்கேயோ கூட்டிட்டுப் போனானாமே, சாப்பாடு எப்படி முதலாளி?" என்று கேட்டார். பொய் சொல்லவும் முடியவில்லை, உள்ளதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு காக்கா" என்று சொல்லிவிட்டுப் பேரேட்டைத் திறந்துகொண்டோம். ஆக, விலை தெரியாத சாப்பாடாக அது அவருக்கு இருக்கும்வரை நமக்குச் சௌகரியமாக இருந்தது. சங்கக் கூட்டத்தில் வாய் மூடி நின்றதும் அதே காரணத்தால்தான். வாங்கிய சாமானின் விலையைக் கூடவே வேலை செய்கிறவரிடம் சொல்லக் கூசுகின்றோம் என்றால், குற்றம் சாமானில் இல்லை. நமக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ கணக்குப் பாக்கி நிற்கிறது.

போன மாதக் கடைசியில் சம்பளம் கொடுத்தபோது நூறு வெள்ளியைச் சேர்த்தே கொடுத்தோம். எண்ணிப் பார்த்துவிட்டு, "பெருநாளைக்கு இன்னும் நாள் கிடக்குதே முதலாளி" என்றார். அப்போதுதான் நாம் நடந்ததைச் சொன்னோம். கணக்குச் சீட்டின் தொகையையும் சொன்னோம். அவர் தொகையைக் கேட்டு வாய் பிளப்பார் என்று நினைத்தோம். அவரோ ஏலக்காயிலேயே நின்றுவிட்டார். "நம்ம பெட்டியா? மார்ச் மாசம் வந்த பெட்டியா, அதுக்கு முந்தின பெட்டியா?" என்று கேட்டார். மார்ச் மாதப் பெட்டி என்றோம். "அதுல ஈரம் கொஞ்சம் இருந்துச்சு. நான்தான் மாடியில ரெண்டு நாள் உலத்திப் போட்டேன்" என்றார். அவர் உலர்த்தியது நமக்குத் தெரியாது.

மகனிடம் இதைச் சொன்னபோது, அடுத்த முறை காக்காவையும் கூட்டிப் போகலாம் வாப்பா என்றான். அவரிடம் போய்ச் சொன்னோம். சாக்கைத் தைத்துக்கொண்டே சிரித்தார். "ரெண்டரை மணி நேரமெல்லாம் என்னால உக்கார முடியாது முதலாளி, இடுப்பு வலிக்கும். அந்த இனிப்ப மட்டும் ஒரு டப்பாவுல வாங்கிட்டு வரச் சொல்லுங்க தம்பிய, வீட்டுக்காரிக்கும் குடுப்பேன்" என்றார். அங்கே டப்பாவில் கட்டிக் கொடுப்பார்களா என்று மகன் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் சொல்லவில்லை.